வெள்ளை யானையைப் பார்த்தது யார்?

ஒரு சிறுகதையைக் கையில் கொடுத்து, இதில் உவமை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம்ம கண் முதலில் தேடுவது 'போல' என்ற சொல்லைத்தான். பள்ளிக்கூடம் அப்படிப் பழக்கியிருக்கிறது. 'போல' வெளிப்படையாக வந்தால் உவமையணி. மறைந்து வந்தால் எடுத்துக்காட்டு உவமையணி. உவமையும் பொருளும் ஒன்றே என்று சொல்லிவிட்டால் உருவகம். உவமையை மட்டும் சொல்லிப் பொருளைச் சொல்லாமல் விட்டால் பிறிதுமொழிதல். அணியின் பெயர், இலக்கணம், பாட்டில் அது பொருந்தும் விதம், மூன்றையும் எழுதினால் முழு மதிப்பெண்.

குறளுக்கு இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் ஒரு குறள் உண்டு. வண்டியைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அரசனைப் பற்றியோ பகைவரைப் பற்றியோ அந்தக் குறளில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் நமக்குப் புரிந்துவிடுகிறது. சொல்பவர் ஒருவர், கேட்பவர் நாம், நடுவில் வேறு ஆள் இல்லை.

சிறுகதையில் நடுவில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருத்தர் ஓர் உவமையைச் சொல்வார். எதிரில் இருப்பவர் அதை ரசிப்பார், காதில் வாங்காமல் விடுவார், மறுப்பார். சொன்னவரே திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. அதனால் கதையில் அணியைக் கண்டுபிடிப்பது பேர் வைப்பதோடு முடிகிற வேலை இல்லை. யார் சொன்னார், யாரிடம் சொன்னார், கேட்டவர் அதை என்ன பண்ணினார் என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகுதான் அணியைக் கண்டுபிடித்தோம் என்று சொல்லலாம் என்பது என் கட்சி. இதைக் காட்ட எனக்குத் தெரிந்து மிகப் பொருத்தமான கதை ஹெமிங்வேயுடையது.

கதை இதுதான்

'ஹில்ஸ் லைக் வொயிட் எலிஃபன்ட்ஸ்'. தமிழில் 'வெள்ளை யானைகள் போன்ற குன்றுகள்' என்று வைத்துக்கொள்ளலாம். 1927-இல் வெளியான கதை. அதே ஆண்டு வந்த 'மென் விதவுட் விமன்' தொகுப்பிலும் இருக்கிறது. சில பக்கங்கள்தான், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம்.

ஸ்பெயினில் எப்ரோ ஆற்றின் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் தண்டவாளம் ஓட, நடுவில் ஒரு ரயில் நிலையம். பார்சிலோனாவிலிருந்து வரும் எக்ஸ்பிரஸுக்கு இன்னும் 40 நிமிடம் இருக்கிறது. அந்தச் சந்திப்பில் 2 நிமிடம் நின்றுவிட்டு மாட்ரிட் போகும். கொளுத்துகிற வெயில். நிலையத்தின் மதுக்கடைக்கு வெளியே, நிழலில் போட்ட மேசையில் ஓர் அமெரிக்கனும் ஒரு பெண்ணும். அவன் அவளை ஜிக் என்று கூப்பிடுகிறான். பீர் குடிக்கிறார்கள். பிறகு சோம்பு வாசனை அடிக்கும் சாராயம் ஒன்றைத் தண்ணீர் கலந்து குடித்துப் பார்க்கிறார்கள். பேச்சு மெல்ல ஓர் 'ஆபரேஷன்' பக்கம் போகிறது.

என்ன ஆபரேஷன் என்று கதை எங்கேயும் சொல்வதில்லை. அவள் கர்ப்பமாக இருக்கிறாள், கலைத்துவிடலாம் என்று அவன் அவளைக் கரைக்கிறான் என்பதைப் பேச்சிலிருந்து நாமே பிடிக்க வேண்டும். அன்றைய ஸ்பெயினில் அது சட்டவிரோதம். கதை முடியும்போது வண்டி வந்துகொண்டிருக்கிறது. அவள் என்ன முடிவெடுத்தாள் என்பதும் சொல்லப்படவில்லை.

இந்தக் கதையில் நிலத்தை வர்ணிப்பது கதைசொல்லிதான். ஆனால் அவர் தன் வாயால் ஓர் உவமைகூடச் சொல்வதில்லை. குன்றுகள் நீளமாக, வெள்ளையாக இருந்தன என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவை வெள்ளை யானை மாதிரி இருக்கின்றன என்று சொல்வது அந்தப் பெண். ஆகவே கதையின் தலைப்பே அவளிடமிருந்து வாங்கிய இரவல். உவமையணி என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு நகர்ந்தால் இந்த விஷயம் கண்ணில் படாது.

ஓர் உவமை என்ன பாடு படுகிறது

அந்த உவமையின் பயணத்தை மட்டும் வரிசையாகப் பாருங்கள்.

முதலில் சொல்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் இறுக்கத்தைத் தளர்த்த ஒரு விளையாட்டு அது. அவனோ, நான் வெள்ளை யானையைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டு பீரைக் குடிக்கிறான். நீ பார்த்திருக்க மாட்டாய் என்கிறாள். உடனே அவனுக்குச் சுருக்கென்று படுகிறது. பார்த்திருக்கலாம், நீ சொல்வதால் மட்டும் எதுவும் நிரூபணமாகிவிடாது என்கிற தொனியில் பதில் வருகிறது. அவள் கொடுத்தது உவமை. அவன் கேட்பது சாட்சி.

கொஞ்ச நேரம் கழித்து, சந்தோஷமாக இருக்கப் பார்க்கலாம் என்று பேச்சு வருகிறபோது, நான் முயற்சி பண்ணினேனே, மலையைப் பார்த்து யானை என்றேனே, அது சாமர்த்தியமாக இல்லையா என்று கேட்கிறாள். ஆமாம், சாமர்த்தியம்தான் என்று அவனும் ஒத்துக்கொள்கிறான். கேட்டுப் பெற்ற பாராட்டு. எவ்வளவு பெறும் என்பது நமக்கே தெரியும்.

அடுத்து அவளே வாபஸ் வாங்குகிறாள். உண்மையில் அப்படியொன்றும் வெள்ளை யானை மாதிரி இல்லை, மரங்களுக்கு இடையில் தெரியும் தோலின் நிறத்தைத்தான் சொன்னேன் என்கிறாள்.

கடைசியாக அந்த உவமை பேரத்தில் வருகிறது. நான் இதைச் செய்துகொண்டால், மறுபடி எதையாவது பார்த்து வெள்ளை யானை மாதிரி இருக்கு என்று நான் சொன்னால் உனக்குப் பிடிக்குமா என்று கேட்கிறாள். பிடிக்கும், இப்பவும் பிடிக்கிறது, இப்போது மனசு அதில் போகவில்லை, அவ்வளவுதான் என்கிறான்.

அதன்பிறகு கதையில் வெள்ளை யானை இல்லை. குன்றுகள் இருக்கின்றன, அவற்றை ஒருமுறை பார்க்கவும் செய்கிறாள். ஆனால் எது மாதிரியும் இருப்பதாகச் சொல்வதில்லை.

சொன்னாள், மறுக்கப்பட்டது, பாராட்டை யாசித்தாள், திரும்ப வாங்கிக்கொண்டாள், விலையாக வைத்தாள், விட்டுவிட்டாள். கதைக்குள் நடக்கும் வழக்கு இந்த ஒரே உவமையின் மேல்தான் நடக்கிறது. கருவைப் பற்றி அவர்களால் நேராகப் பேச முடியவில்லை. யானையைப் பற்றிப் பேச முடிகிறது.

தொல்காப்பியர் கேட்ட கேள்வி

இந்த இடத்தில் உவமவியலைக் கையில் எடுப்பது வீம்புக்காக இல்லை. உண்மையிலேயே உதவுகிறது.

உவமை எந்த அடிப்படையில் பிறக்கும் என்று தொல்காப்பியம் நாலு வகை சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம் என்று உரைகாரர்கள் பிரிப்பார்கள். புலி மாதிரிப் பாய்ந்தான் என்றால் வினை. மழை மாதிரிக் கொடுத்தான் என்றால் பயன். துடி மாதிரி இடை என்றால் மெய். பவளம் மாதிரி உதடு என்றால் உரு.

இதை ஜிக்கின் உவமையின் மேல் வைத்துப் பாருங்கள். முதல் தடவை சொல்லும்போது குன்றுக்கும் யானைக்கும் மெய்யும் பொருந்துகிறது, உருவும் பொருந்துகிறது. மேடான, உருண்ட, வெளுத்த முதுகு. கர்ப்பிணியின் வயிறும் அந்த வடிவத்துக்குள் எட்டிப்பார்க்கிறது. திரும்ப வாங்கும்போது, நிறத்தை மட்டும்தான் சொன்னேன் என்கிறாள். அதாவது மெய்யை விட்டுவிட்டு உருவை மட்டும் வைத்துக்கொள்கிறாள். வடிவத்தைப் பேசுவதுதான் அங்கே ஆபத்து. நிறம் யாரையும் உறுத்தாது. ஓர் உவமையின் நாலு காலில் எந்தக் காலை வெட்டினாள் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல உவமவியல் நமக்குக் கருவி கொடுக்கிறது.

இருவரும் கடைசிவரை வாய்விட்டுச் சொல்லாத கால் ஒன்று உண்டு. அது பயன். ஆங்கிலத்தில் வெள்ளை யானை என்றால் வேண்டவும் முடியாத, வெளியே தள்ளவும் முடியாத சொத்து. சயாம் அரசர்கள் தங்களுக்குப் பிடிக்காத பிரபுவுக்கு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுப்பார்களாம். புனித விலங்கு, வேலை வாங்கக் கூடாது. ராஜா கொடுத்தது, விற்கவும் கூடாது. தீனி போட்டே ஆள் ஆண்டியாகிவிடுவான் என்று ஒரு கதை வழங்குகிறது. நம்ம ஊரிலும் 'யானையைக் கட்டித் தீனி போடுவது' என்கிற பேச்சு இதே கணக்குதான். நஷ்டத்தில் ஓடும் அரசுத் திட்டத்தை வெள்ளை யானை என்று நம்ம பத்திரிகைகளும் எழுதுகின்றன.

அவனுக்கு அந்தக் குழந்தை அந்த அர்த்தத்தில் வெள்ளை யானை. ஆனால் அந்தச் சொலவடைக்கு அடியில் இருப்பதே புனிதம்தான். புனிதமாக இல்லாவிட்டால் யானை சுமையாகவே ஆகியிருக்காது. ஒரே விலங்கு, ஒருத்தருக்குச் சுமை, இன்னொருத்தருக்கு அபூர்வம். அவர்களுடைய தகராறு முழுக்க அந்த ஒரு பெயருக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

உவமவியலில் இன்னொரு சமாச்சாரம் உண்டு. அதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தருவதில்லை. உவமையை யார் சொல்கிறார் என்பதை வைத்துத் தொல்காப்பியர் விதி செய்கிறார். தலைவி சொன்னால் அவள் அறிந்த பொருளைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். தோழி தன் நிலத்தைத் தாண்டிப் போகக்கூடாது. தலைவன் சொன்னால் அறிவின் வலிமை தெரியச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு இந்த வரையறை இல்லை. இந்த விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் வைக்கிற அளவுகோலோடு நான் சண்டை போடுவேன். ஆனால் அதன் அடியில் இருக்கும் கவனம் அபாரம். உவமை என்பது ஒரு பாத்திரத்தின் அனுபவத்திலிருந்து வருவது, அவள் எதைப் பார்த்திருக்கிறாள் என்பதோடு சம்பந்தப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் பார்த்ததில்லை, நீ பார்த்திருக்க மாட்டாய் என்ற ஹெமிங்வேயின் அந்தச் சின்னச் சண்டையும் இதைப் பற்றியதுதான்.

பின்னால் வந்த தண்டியலங்காரம், காவியாதர்சத்தைத் தழுவி, அணிகளைச் சொல்லப்படும் முறையை வைத்து வகைப்படுத்தியது. பொருளணிகள் மட்டும் 35. நம்ம தேர்வுத்தாள் இந்த வழியில் வந்தது. சொல்கிறவர் யார் என்ற கேள்வி அதில் விழுந்துவிட்டது. காவியத்துக்கு அது பெரிய நஷ்டம் இல்லாமல் இருக்கலாம். சிறுகதை வாசிக்கிறவருக்கு நஷ்டம்.

அணியே இல்லாத பேச்சு

இப்போது அவன் பக்கம் வருவோம். கதையில் அவனுடைய பேச்சு எல்லாமே வெறும் பேச்சு மாதிரித் தெரியும். உவமை தேடிப் போகிறவர்கள் அவன் வரிகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். ரொம்பச் சாதாரண ஆபரேஷன். சொல்லப்போனால் ஆபரேஷனே இல்லை. காற்றை உள்ளே விடுவதுதான், வேறொன்றும் இல்லை. எல்லாமே இயல்பானது. இப்படித்தான் பேசுகிறான்.

இதற்கு நம்ம இலக்கணத்தில் பேர் இருக்கிறது. தகுதி வழக்கு. அதில் மங்கலமில்லாததை மங்கலமாகச் சொன்னால் மங்கலம், சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொன்னால் இடக்கரடக்கல். அணி இயலில் இவை வருவதில்லை, அதனால் இவற்றை நாம் அணியாக நினைப்பதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் இன்னொன்றைச் சொல்வதுதான் உருவகமென்றால், 'காற்றை உள்ளே விடுவது' இந்தக் கதையின் மிகக் கனமான உருவகம்.

அவள் உவமை தன்னை உவமை என்று காட்டிக்கொண்டு வருகிறது. மாதிரி என்ற சொல் கூடவே வருகிறது. இது ஒப்பீடு, நீ மறுக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அவனும் மறுத்தான். அவன் உருவகம் உருவகமென்று தெரியாமல் வருகிறது. உள்ளது உள்ளபடி சொல்கிறேன் என்ற பாவனையில் வருகிறது. அதை எப்படி மறுப்பது? மறுத்தால் அவள் உணர்ச்சிவசப்படுகிறாள் என்றாகிவிடும். அவன் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகும்போது அவள் பதில் சொல்லாமல் மேசைக்கால் ஊன்றிய தரையைப் பார்க்கிறாள்.

நம்ம வீடுகளுக்கு இந்தப் பாஷை புதுசு இல்லை. 'முழுகாம இருக்கா', 'நாள் தள்ளிப் போயிருக்கு', 'ஏதாச்சும் விசேஷமா' என்று கர்ப்பத்தை நாம் சுற்றி வளைத்துத்தான் சொல்கிறோம். அதில் ஒரு செல்லம் இருக்கிறது, கண்ணேறு படக்கூடாது என்கிற பயமும் இருக்கிறது. 'கிளீன் பண்ணிட்டா சரியாப் போயிடும்' என்பதும் அதே வீட்டில், அதே குரலில் சொல்லப்படுவதுதான். வீடு கூட்டுகிற சொல்லை உடம்புக்குப் போட்டாகிவிட்டது. கேட்கிறவளுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல இடமே இல்லை. சுத்தம் பண்ணுவதை யார் வேண்டாம் என்பார்?

கலைப்பது தப்பு என்று கதை சொல்வதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கலைத்துக்கொள்ள நினைத்தாலும் அது அவள் முடிவு. 1971-இல் வந்த இந்தியச் சட்டத்தின்படி வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய ஒப்புதல்தான் வேண்டும், கணவன் கையெழுத்து வேண்டியதில்லை. அந்த அமெரிக்கனும் உனக்கு இஷ்டமில்லை என்றால் வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஒப்புதல் கேட்கிற சடங்கில் குறையே இல்லை. ஆனால் அந்த ஒப்புதல் எந்த மொழியில் கேட்கப்படுகிறது என்று பார்த்தால்தான் அதன் பலவந்தம் தெரிகிறது. அணியைக் கண்டுபிடிக்கத் தெரிவது இதற்குத்தான் உதவ வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவனிடமும் ஒரு 'மாதிரி' உண்டு. அதற்கப்புறம் என்ன பண்ணுவோம் என்று அவள் கேட்கும்போது, நன்றாக இருப்போம், முன்னே இருந்த மாதிரியே என்கிறான். அவள் ஒரு குன்றை இதுவரை யாரும் பார்க்காத ஒன்றோடு ஒப்பிட்டாள். அவன் நாளையை நேற்றோடு ஒப்பிடுகிறான்.

எதை அணியாக எடுத்துக்கொள்ளக் கூடாது

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் தேவை. கண்டுபிடிக்கிற ருசி வந்துவிட்டால் கதையில் இருக்கிற எல்லாமே குறியீடாகத் தெரிய ஆரம்பித்துவிடும். இந்தக் கதையைச் சுற்றி அப்படி நிறையச் சொல்வார்கள். இரண்டு தண்டவாளம் என்றால் இரண்டு முடிவு. வாசலில் தொங்கும் மூங்கில் மணித் திரை என்றால் ஜெபமாலை. வறண்ட பக்கம் மலடு, பச்சைப் பக்கம் தாய்மை.

நான் வைத்துக்கொள்ளும் சோதனை எளிமையானது. கதைக்குள் இருக்கும் யாராவது அந்தப் பொருளை அந்த அர்த்தத்தில் பார்க்கிறார்களா? முடிவெடுக்கும் நேரத்தில் அது அவர்கள் கண்ணிலோ கையிலோ இருக்கிறதா? எடுத்துவிட்டால் ஏதாவது ஒரு பேச்சு நின்றுபோகுமா?

பச்சைப் பக்கம் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. அவள் எழுந்து மேடையின் கோடிக்கு நடந்துபோய் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறாள். தானிய வயல், ஆற்றங்கரை மரங்கள், வயல் மேல் நகரும் மேக நிழல், மரங்களின் ஊடே ஆறு. பார்த்துவிட்டுத்தான், இதெல்லாம் நமக்குக் கிடைத்திருக்கும், தினம் தினம் அதை நாமே முடியாததாக்குகிறோம் என்கிறாள். நிலம் அவள் பேச்சுக்குள் வந்துவிட்டது. நிலத்தின் கருப்பொருள் வழியாக மனசைச் சொல்வதை உள்ளுறை உவமம் என்று சங்கக் கவிதை படிக்கும்போது சொல்வோம். அதற்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற இடம் இது. அதற்கு அவனுடைய பதிலையும் சேர்த்துப் பாருங்கள். இப்படி நிழலுக்கு வந்துவிடு என்கிறான். அவள் நிலத்தைப் பார்த்துப் பேச, அவன் வெயிலைப் பற்றிப் பேசுகிறான்.

பெட்டிகளும் தேறுகின்றன. தயவுசெய்து என்ற சொல்லை ஏழு தடவை அடுக்கி, பேச்சை நிறுத்து என்று அவள் கெஞ்சுகிறாள். அவன் வாயை மூடிக்கொண்டு சுவரோரம் இருக்கும் பெட்டிகளைப் பார்க்கிறான். அவர்கள் இரவு தங்கிய ஓட்டல்களின் லேபிள்கள் எல்லாம் அதில் ஒட்டியிருக்கின்றன. ஆகுபெயர் என்று சொல்லிக்கொள்ளலாம். லேபிள் என்பது இங்கே அந்த இரவுகள். 'முன்னே இருந்த மாதிரி' என்று அவன் சொன்னதற்கு அர்த்தம் அந்தப் பெட்டியின் மேல் இருக்கிறது.

தண்டவாளம் தேறவில்லை. ரயில் நிலையத்தில் தண்டவாளம் இருக்கத்தான் செய்யும். யாரும் அதை இரண்டு வழியாகப் பார்ப்பதில்லை. அவன் பெட்டியை நிலையத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத் தண்டவாளத்துக்குத் தூக்கிப்போகிறான் என்பதை வைத்து, மனம் மாறிவிட்டார்கள் என்று முடிவு சொல்கிறவர்கள் உண்டு. அவ்வளவு பாரத்தை அந்த வரி தாங்காது. மணித் திரையும் ஜெபமாலையாக எனக்குத் தேறவில்லை. ஈ வராமல் இருக்கப் போட்ட திரை, அவ்வளவுதான். அவள் அதில் இரண்டு சரத்தைப் பிடித்துக்கொள்கிறாள். அந்த நேரத்தில் கைக்கு ஏதாவது பிடிமானம் வேண்டியிருந்தது. அதை ஒரு செய்கையாக விட்டால்தான் அதன் துக்கம் தெரிகிறது.

வெள்ளை யானைக்கும் இதே சோதனை பொருந்தும். வெள்ளை யானை என்றதும் நமக்கு ஐராவதம் ஞாபகம் வரும். புத்தர் கருவில் வந்தபோது மாயாதேவி கனவில் கண்ட வெள்ளை யானையும் வரும். கருவுறுதலும் வெள்ளை யானையும் ஒன்றாக வருகிற அந்தக் கனவு, இந்தக் கதைக்குப் பக்கத்தில் வைத்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கதைக்குள் இழுத்து வர இந்தப் பேச்சில் ஒரு நூல்கூட இல்லை. அது வாசகராக நாம் கொண்டுபோகிற செல்வம், கதை கொடுத்தது இல்லை. இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழில் சொல்லிப் பார்த்தால்

ஓர் உவமை எங்கே வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பத்தியை மொழிபெயர்த்துப் பார்க்க வேண்டும். எது உடைகிறதோ அங்கேதான் அது இருந்திருக்கிறது.

முதலில் உடைவது 'லைக்'. ஆங்கிலத்தில் ஒப்பிடவும் 'லைக்', பிடித்திருக்கிறது என்று சொல்லவும் 'லைக்'. வெள்ளை யானை மாதிரி இருக்கு என்று நான் சொன்னால் உனக்குப் பிடிக்குமா என்று அவள் கேட்கும் அந்த ஒரே கேள்வியில் இரண்டு 'லைக்'கும் வருகின்றன. நான் ஒப்பிடுவதும் நீ விரும்புவதும் அவளுக்கு ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது. தமிழில் 'மாதிரி' ஒரு பக்கம், 'பிடிக்கும்' ஒரு பக்கம் போய்விடும். எந்த மொழிபெயர்ப்பாளராலும் இதைக் காப்பாற்ற முடியாது. ஆனால் எதை இழக்கிறோம் என்று தெரிந்து இழக்கலாம்.

அடுத்தது முன்னிலை. ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே 'யூ'. தமிழில் அவன் 'நீ' என்பான். அவள் என்ன சொல்வாள்? 'நீங்க' என்று போட்டால் நீங்க பார்த்திருக்க மாட்டீங்க என்ற வரி மரியாதையான குத்தலாக மாறிவிடும். கூடவே அவள் பாதி பணிந்துவிட்ட மாதிரியும் ஆகும். 'நீ' என்றால் சமமாக நின்று சொல்கிறாள். நான் 'நீ' என்றே போடுவேன். அந்த வரியில் மட்டுமாவது அவள் கை ஓங்கியிருக்கிறது.

மூன்றாவது, கலைப்பு என்ற சொல். கதையில் அந்தச் சொல் வரவில்லை, மொழிபெயர்ப்பிலும் வரக்கூடாது. அதேசமயம் தமிழில் மேகமும் கலையும், கூட்டமும் கலையும், கனவும் கலையும், கருவும் கலையும். வயல் மேல் மேக நிழல் போகும் அந்த இடத்தில் தமிழ் வாசகர் மனசில் இந்தச் சொல் தானாகவே எழலாம். எழட்டும். எழுத்தில் நாம் வைக்க வேண்டாம்.

கடைசிப் பேச்சு

கதையின் முடிவில் மதுக்கடைப் பெண் வந்து வண்டி வர 5 நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவன் பெட்டிகளை அந்தப் பக்கம் வைக்கிறான். திரும்பும்போது உள்ளே நின்று இன்னொரு கிளாஸ் குடிக்கிறான். எல்லாரும் நியாயமாக வண்டிக்குக் காத்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றுகிறது. வெளியே வந்து, இப்போது பரவாயில்லையா என்று கேட்கிறான். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை என்கிறாள் அவள், சிரித்துக்கொண்டு.

அவள் ஒத்துக்கொண்டாள் என்று படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையைப் பெற்றுக்கொள்ள முடிவு பண்ணிவிட்டாள் என்று படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டில் எது என்று அந்தப் பேச்சிலிருந்து எடுக்க முடியாது. ஆனால் அணியைத் தேடிக்கொண்டு வந்தவருக்கு அங்கே ஒன்று நிச்சயமாகக் கிடைக்கிறது: அந்தப் பேச்சில் எதுவும் எது மாதிரியும் இல்லை. கதையின் ஆரம்பத்தில் ஒரு மலையைப் பார்த்து யானை என்றவள் இப்போது அவனுடைய மொழியில் பேசுகிறாள். நன்றாக இருப்போம் என்பது அவன் சொல்லிக்கொண்டே இருந்த சொல். அதை அவனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவள் எந்த வண்டியில் ஏறினாலும், எந்த முடிவை எடுத்தாலும், இனிமேல் ஒரு குன்றைப் பார்த்தால் அது எப்படி இருக்கிறது என்று இவனிடம் சொல்லமாட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 'போல' என்ற சொல்லை மட்டும் தேடினால் இந்த முடிவுக்கு வந்து சேர முடியாது. அது வருகிற இடத்தைப் பார்த்த மாதிரியே, வராமல் போன இடத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.